ஏரியில் மூழ்கிய கனநீர்

நாம் குடிக்கும் நீரிலுள்ள ஹைட்ரஜன் அணுக்களில் ஏறத்தாழ 6,400-க்கு ஒன்று மற்றவற்றைப்போல் இருமடங்கு நிறையுள்ளது. இதுவே டியூட்டிரியம். 1931-இல் அமெரிக்க அறிவியலறிஞர் ஹெரால்டு யூரே இதனைக் கண்டறிந்தார். டியூட்டிரியமும் ஆக்சிஜனும் சேர்ந்தால் கனநீர். பார்வைக்குச் சாதாரண நீரேதான். ஆனால் ஒரு லிட்டர் 1.1 கிலோகிராம் இருக்கும், 3.8 டிகிரி செல்சியசிலேயே உறைந்துவிடும். இரண்டாம் உலகப்போரில் இந்த நீரை அழிக்க நார்வே இளைஞர்கள் உயிரைப் பணயம் வைத்தார்கள். ஏன்?

கேரம் பலகையை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு காய் தன்னையொத்த இன்னொரு காயின்மீது நேராக மோதினால் அது நின்றுவிடுகிறது; விளிம்புச் சட்டத்தில் மோதினாலோ திரும்பி ஓடிவருகிறது. யுரேனியம் பிளவுறும்போது வெளிப்படும் நியூட்ரான்கள் மிகு வேகமுடையவை. அவ்வேகத்தைத் தணித்தால்தான் இயற்கை யுரேனியத்தில் தொடர்வினை நடைபெறும். தன் நிறைக்குச் சமமான ஹைட்ரஜனில் மோதினால் நியூட்ரான் விரைவில் வேகமிழக்கும். ஆனால் ஹைட்ரஜன் நியூட்ரானை விழுங்கியும் விடுகிறது. டியூட்டிரியம் அரிதாகவே விழுங்கும். நேர்மோதலில் நியூட்ரானின் ஆற்றலில் ஒன்பதில் எட்டுப் பங்கைக் கவர்ந்துகொள்ளும். (1984-இல் இயங்கத் தொடங்கிய நம் கல்பாக்கம் அணுமின் நிலையமும் கனநீரைக்கொண்டே அமைந்தது.) கிராஃபைட்டும் இதற்கு உதவும், 1942-இல் சிகாகோவில் ஃபெர்மி அதைத்தான் கையாண்டார். ஜெர்மானியர் சோதித்த கிராஃபைட் போதிய தூய்மையற்றது. அது நியூட்ரான்களை விழுங்கக் கண்டு, அவர்கள் கனநீரையே நம்பினார்கள்.

நார்வேயின் வெமார்க்கில் உரத்திற்கான ஹைட்ரஜனைப் பெற நீரை மின்னாற்பகுப்புச் செய்துவந்தனர். அப்போது லேசான ஹைட்ரஜன் எளிதில் வெளியேற, கனமானது கலத்தில் எஞ்சிச் சேரும். 1940-இல் நாடு ஜெர்மானியர் வசமாயிற்று, தொழிற்சாலையும்தான்.

1943 பிப்ரவரி இறுதியில் ஓர் இரவு, யோவாகிம் ரோன்னபெர்க் தலைமையில் ஒன்பது பேர் அங்கு வந்தனர். பாலத்தில் காவல் இருந்தது. ஆகவே மலைப்பிளவில் இறங்கி, பனி உறைந்த ஆற்றைக் கடந்து, மறுபக்கம் ஏறினார்கள். மின்கம்பிகள் செல்லும் குறுகிய வழியில் ஊர்ந்து உள்ளே புகுந்து, கலங்களில் வெடிமருந்து வைத்தனர். பணியிலிருந்த நார்வே ஊழியர், போர்க்காலத்தில் வேறு கிடைக்காது என்று தம் மூக்குக்கண்ணாடியைத் தேடினாராம்! அது கிடைத்த பிறகே திரியைப் பற்றவைத்தனர். ஏறத்தாழ 500 கிலோகிராம் கனநீர் தரையில் ஓடிற்று. ஒரு துப்பாக்கிக் குண்டுகூடச் சுடப்படவில்லை. பிரிட்டிஷ் படையினரின் வேலை எனக் காட்டத் துப்பாக்கி ஒன்றை வேண்டுமென்றே விட்டுச் சென்றனர்; ஊர்மக்கள்மேல் பழி விழக்கூடாதல்லவா?

சில மாதங்களில் உற்பத்தி மீண்டும் தொடங்கியது. அமெரிக்க விமானங்கள் குண்டு வீசிய பின், எஞ்சியதை ஜெர்மனிக்குக் கொண்டுசெல்ல முடிவாயிற்று. வழியில் தின் ஏரியைப் படகில் கடக்க வேண்டும். க்னூட் ஹவ்கெலிட் முந்திய இரவே அலாரக் கடிகாரங்களோடு வெடிமருந்தைப் படகின் அடித்தளத்தில் வைத்துவிட்டார். மீட்க முடியாதபடி ஆழமான இடத்தில் வெடிக்க வேண்டும் என்பது கணக்கு. 1944 பிப்ரவரி 20, ஞாயிறு. கூட்டம் குறைவான நாள். ஆயினும் பயணிகளை எச்சரிக்க வழியில்லை. எச்சரித்தால் திட்டம் வெளிப்பட்டுவிடும். 18 பேர் இறந்தனர். அவர்களில் 14 பேர் நார்வே மக்களே.

ஜெர்மனி அணுகுண்டை நெருங்கவே இல்லை என்பது போருக்குப் பின்னரே தெளிவாயிற்று. அதை அன்று அறிய முடியாதவர்களை நாம் இன்று எளிதாகக் குறைகூறுவது முறையன்று. இறந்தவர்களை மறப்பதும் முறையன்று.

பாதி நிரம்பிய சில பீப்பாய்கள் மிதந்தன. ஆர்க்கிமிடிஸ் விதியை அறிந்த உங்களுக்குக் காரணம் சொல்ல வேண்டியதில்லை. நிறைந்தவை சுமார் 430 மீட்டர் ஆழத்திற்குப் போயின. 2004-இல் ஒரு பீப்பாயை மேலே கொணர்ந்து சோதித்தார்கள். உள்ளே கனநீர் இருந்தது.