நெட் நிக்குதா? முதல்ல விளக்கைப் பாருங்க!

கோரைக்குப்பம், லைட்ஹவுஸ் குப்பம் பக்கம் கூட்டத்துக்குப் போனால் உறுப்பினர்கள் நம்மிடம் சொல்வது இதுதான்: "மேடம், தவணை அனுப்புற நேரத்துலதான் நெட் நின்னுடுது."

வீட்டுக்கு ஃபைபர் லைன் எடுத்தவர்கள் முதலில் பெட்டியைப் பாருங்கள். 'எல்.ஓ.எஸ்.' என்ற இடத்தில் சிவப்பு விளக்கு எரிந்தால், வெளியிலிருந்து வரும் ஒளி பெட்டிக்கு வந்து சேரவில்லை. லைனுக்குள் இருப்பது மெல்லிய கண்ணாடி இழை. மடிந்தாலே போச்சு! வலைக்கயிறு மாதிரி இழுத்துக் கட்டாதீங்க. பெட்டியை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை, புகார் கொடுத்து எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள்.

சிவப்பு எரியவில்லை, ஆனாலும் நெட் மெதுவா? போனோடு பெட்டிக்குப் பக்கத்தில் நின்று பாருங்கள். அங்கே நன்றாக வந்தால் லைனில் கோளாறு இல்லை, பெட்டி வைத்த இடம்தான் சரியில்லை. தகரத் தடுப்பும் இரும்பு பீரோவும் அலையை மறிக்கும். வீட்டு நடுவில், உயரமாக வையுங்கள். நம்ம உப்புக்காத்துக்கு பிளக்கும் துருப்பிடிக்கும். சுவிட்சை அணைத்து, பிளக்கைக் கழற்றி, உலர்ந்த துணியால் துடையுங்கள்.

பணம் அனுப்பும்போது நெட் நின்று, கணக்கில் பணம் கழிந்திருந்தால் உடனே மறுபடி அனுப்பாதீங்க. இப்படி இரண்டு தவணை போய்விட்டால் வீட்டுச் செலவுக்கு என்ன செய்வது? ஊக்குநரிடம் பணம் வந்ததா என்று கேளுங்கள். ரிசர்வ் வங்கியின் 2019 உத்தரவுப்படி, ஒருவர் கணக்கிலிருந்து இன்னொருவர் கணக்குக்கு யு.பி.ஐ. மூலம் அனுப்பிய பணம் போய்ச் சேராவிட்டால், மறுநாளுக்குள் தானாகத் திரும்ப வேண்டும். தாமதமானால் நாளொன்றுக்கு 100 ரூபாய் வங்கி நமக்குத் தர வேண்டும். கேட்டு வாங்குங்கள். ஆனால் கூகுளில் தேடிக் கிடைக்கும் 'கஸ்டமர் கேர்' எண்ணை நம்பாதீங்க, பாஸ்புக்கோடு வங்கிக்கே போங்க. யாராவது ஏமாற்றிப் பணம் எடுத்துவிட்டால், உடனே 1930-க்கு போன் செய்யுங்கள்.