'தள்ளுபடி' என்றால் தோல்வியா? மேல்முறையீட்டில் வரும் சொற்களைப் புரிந்துகொள்வோம்

"கேஸ் தள்ளுபடி ஆயிடுச்சாமே, இனிமே ஒண்ணும் பண்ண முடியாதா?" நீதிமன்ற வளாகத்தில் அடிக்கடி கேட்கும் கேள்வி இது. வழக்கின் நிலையை இப்போது கைப்பேசியிலேயே பார்த்துவிடலாம். ஆனால் திரையில் தெரியும் ஒரு சொல்லைத் தவறாகப் புரிந்துகொண்டால் ஜெயித்த வழக்கை நினைத்துக் கலங்குவோம். இன்னொரு பக்கம், அப்பீல் போட வேண்டிய நாளையும் தவறவிட்டுவிடுவோம். முக்கியமான சில சொற்களை நம் மாவட்ட வழக்குகளை வைத்தே பார்ப்போம்.

வாச்சாத்தி சொல்லும் பாடம்

தருமபுரி மாவட்டம், சித்தேரி மலையடிவாரத்தில் உள்ள பழங்குடியினர் கிராமம் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனக்கட்டை தேடுவதாகச் சொல்லி வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையைச் சேர்ந்தவர்கள் அங்கு நுழைந்தார்கள். வீடுகள் சூறையாடப்பட்டன. 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். உயர் நீதிமன்ற உத்தரவின்பேரில் சி.பி.ஐ. விசாரித்து, 269 பேர் மீது வழக்கு நடந்தது. விசாரணை முடிவதற்குள் 54 பேர் இறந்துவிட்டார்கள். மீதமிருந்த 215 பேரும் குற்றவாளிகள் என்று 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி முதன்மை அமர்வு நீதிமன்றம் தீர்ப்பளித்தது.

தண்டனை பெற்றவர்கள் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அப்பீல் போனார்கள். 2023 செப்டம்பர் 29 அன்று அந்த மேல்முறையீடுகள் தள்ளுபடி செய்யப்பட்டன.

இங்கே 'தள்ளுபடி' ஆனது கிராம மக்களின் வழக்கு அல்ல, தண்டனையை எதிர்த்தவர்களின் அப்பீல்தான். அதாவது தருமபுரி நீதிமன்றத்தின் தீர்ப்பு உறுதியானது. அதனால் 'தள்ளுபடி' என்று பார்த்ததும் முதலில் நீங்கள் கேட்க வேண்டியது, "யார் போட்ட மனு தள்ளுபடி?" என்பதுதான். எதிர்த்தரப்பு போட்ட அப்பீல் என்றால் ஜெயித்தது நீங்கள்.

யார் யார்?

கீழ்க் கோர்ட்டில் வழக்குப் போட்டவர் வாதி, எதிர்த்து நிற்பவர் பிரதிவாதி. தீர்ப்புப் பிடிக்காமல் மேலே போகிறவர் 'மேல்முறையீட்டாளர்'. அவருக்கு எதிரே இருப்பவர் 'எதிர்மேல்முறையீட்டாளர்'. கீழே வாதியாக இருந்தவர் மேலே எதிர்மேல்முறையீட்டாளர் ஆகலாம். உங்கள் பெயர் இடம் மாறியிருக்கிறதே என்று பதற வேண்டாம்.

எந்தக் கோர்ட்டுக்கு, எத்தனை நாளுக்குள்?

நிலத் தகராறு, பாகப்பிரிவினை போன்றவை உரிமையியல் வழக்குகள். நாம் பேச்சில் 'சிவில் கேஸ்' என்போம். முன்சீப் கோர்ட்டில் தீர்ப்பானால் சார்பு நீதிமன்றத்துக்கோ மாவட்ட நீதிமன்றத்துக்கோ முதல் மேல்முறையீடு போகும். அதற்கு 30 நாள். மாவட்ட நீதிமன்றத்தின் தீர்ப்பை எதிர்த்து உயர் நீதிமன்றம் போக 90 நாள். தருமபுரி வழக்குகள் மதுரைக் கிளைக்கு அல்ல, சென்னைக்குத்தான் போகும்.

குற்றவியல் வழக்கில், மாஜிஸ்திரேட் கோர்ட்டில் தண்டனை பெற்றவர் அமர்வு நீதிமன்றத்துக்கு 30 நாளில் போக வேண்டும். அமர்வு நீதிமன்றம் தண்டித்தால் உயர் நீதிமன்றத்துக்கு 60 நாள். மரண தண்டனை என்றால் 30 நாள்தான்.

குற்றத்தால் பாதிக்கப்பட்டவரும் அப்பீல் போடலாம். எதிரி விடுதலை ஆனாலோ, குறைந்த குற்றத்துக்கு மட்டும் தண்டிக்கப்பட்டாலோ, இழப்பீடு போதவில்லை என்றாலோ அந்த உரிமை உண்டு. இது 2009 டிசம்பர் 31 முதல் சட்டத்தில் இருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டிய இரண்டு சொற்கள்:

சான்றிட்ட நகல்: கோர்ட் முத்திரையுடன் தரும் தீர்ப்பின் நகல். இதற்கு மனுப் போட்ட நாளிலிருந்து நகல் தயாராகும் வரை ஆகும் நாட்கள் கெடுவில் கழிக்கப்படும். மனுப் போடாமல் வீட்டில் இருந்த நாட்கள் கழிக்கப்படாது. அதனால் தீர்ப்பு வந்தவுடனேயே நகலுக்கு மனுக் கொடுத்துவிடுங்கள்.

தாமத மன்னிப்பு மனு: கெடு தாண்டிவிட்டால் காரணம் சொல்லிப் போடும் மனு. காரணம் போதுமானது என்று நீதிபதி ஏற்றால்தான் அப்பீல் உள்ளே போகும். மருத்துவச் சீட்டு போன்ற ஆதாரம் இருந்தால் பத்திரப்படுத்துங்கள். "தெரியாமப் போச்சுங்க" என்பதை மட்டும் நம்பிப் போகாதீர்கள்.

அப்பீல் போட்டால் கீழ்த் தீர்ப்பு நின்றுவிடுமா?

நிற்காது. பலரும் ஏமாறுவது இங்கேதான். சிவில் வழக்கில் அப்பீல் போட்டதாலேயே தீர்ப்பை நிறைவேற்றுவது நிற்காது. அதற்குத் தனியாக மனுப் போட்டு 'தடையாணை' வாங்க வேண்டும். பேச்சில் இதைத்தான் 'ஸ்டே' என்கிறோம். ஸ்டே இல்லையென்றால், அப்பீல் நிலுவையில் இருக்கும்போதே நிலத்தைக் கைப்பற்ற அமீனா வரலாம்.

குற்றவியலில் இதற்கு இணையானது 'தண்டனை நிறுத்திவைப்பு'. அப்பீல் முடியும் வரை தண்டனையை நிறுத்தி, ஜாமீனில் விடுவது. இது விடுதலை அல்ல. வாச்சாத்தி வழக்கில் அப்பீல்கள் தள்ளுபடியானபோது, தண்டனை பெற்றவர்களைக் காவலில் எடுத்து மீதித் தண்டனையை அனுபவிக்கச் செய்யும்படி உயர் நீதிமன்றம் உத்தரவிட்டது.

முடிவைச் சொல்லும் சொற்கள்

விசாரணைக்கு ஏற்கப்பட்டது: திரையில் 'அட்மிட்' என்று வரும். அப்பீலைக் கேட்க ஒத்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். இதை வெற்றி என்று நினைக்க வேண்டாம்.

அனுமதிக்கப்பட்டது: 'அலவ்டு' என்று வரும். அப்பீல் போட்டவர் ஜெயித்தார். 'பகுதி அனுமதி' என்றால் கேட்டதில் ஒரு பகுதி மட்டும் கிடைத்தது.

ஆஜராகாததால் தள்ளுபடி: வாய்தாவுக்கு யாரும் போகாததால் வந்த முடிவு, வழக்கின் நியாயத்தைப் பார்த்து வந்ததல்ல. சிவில் அப்பீலில் இப்படி நடந்தால் 30 நாளுக்குள் மனுப் போட்டு, வராததற்குத் தகுந்த காரணம் காட்டினால் மீண்டும் கோப்பில் எடுப்பார்கள்.

ரிமாண்ட்: போலீஸ் வழக்கில் இதற்கு காவலில் வைப்பது என்று பொருள். அப்பீல் தீர்ப்பில் வந்தால், கீழ்க் கோர்ட்டே மறுபடி விசாரிக்கட்டும் என்று வழக்கைத் திருப்பி அனுப்புவது. ஜெயிலோடு இதற்குச் சம்பந்தமில்லை.

அதற்கும் மேலே

சிவில் வழக்கில் முதல் அப்பீலுக்குப் பிறகு உயர் நீதிமன்றத்தில் 'இரண்டாம் மேல்முறையீடு' உண்டு, கெடு 90 நாள். ஆனால் அதில் முக்கியமான சட்டக் கேள்வி இருக்க வேண்டும். "சாட்சி சொன்னது பொய்" என்று மட்டும் சொல்லிப் போக முடியாது. உச்ச நீதிமன்றம் போவதற்குப் பெரும்பாலும் 'சிறப்பு அனுமதி மனு' போட வேண்டும். அது உரிமையல்ல, கோர்ட்டின் விருப்புரிமை.

'சீராய்வு', 'மறு ஆய்வு' இரண்டும் செய்தித்தாள்களில் மாறி மாறி வரும். கீழ்க் கோர்ட்டின் உத்தரவில் சட்டப் பிழையோ அதிகார மீறலோ இருக்கிறதா என்று மேல் கோர்ட் பார்ப்பது சீராய்வு. தீர்ப்புச் சொன்ன கோர்ட்டே தன் தீர்ப்பைத் திரும்பப் பார்ப்பது மறு ஆய்வு. 2000 பிப்ரவரி 2 அன்று தருமபுரி இலக்கியம்பட்டியில் வேளாண் கல்லூரிப் பேருந்து எரிக்கப்பட்டு 3 மாணவிகள் இறந்த வழக்கு நினைவிருக்கும். அதில் 3 பேரின் மரண தண்டனையை 2010-ல் உறுதி செய்த உச்ச நீதிமன்றமே, மறு ஆய்வில் 2016-ல் ஆயுள் தண்டனையாகக் குறைத்தது. இப்படி முடிவு மாறுவது அரிது. முதல் அப்பீலிலேயே கவனமாக இருப்பதுதான் நல்லது.

கைப்பேசியில் எப்படிப் பார்ப்பது?

'இ-கோர்ட்ஸ் சர்வீசஸ்' செயலியில் உங்கள் வழக்கின் 16 இலக்க சி.என்.ஆர். எண்ணைப் போட்டால் அடுத்த வாய்தா, வழக்கின் நிலை, பதிவேற்றிய உத்தரவுகள் தெரியும். எண் தெரியாவிட்டால் வக்கீலிடம் கேட்டுக் குறித்து வையுங்கள். அப்பீலுக்குத் தனி எண் உண்டு, பழைய எண்ணையே பார்த்துக்கொண்டிருக்காதீர்கள்.

பணம் இல்லையா?

பெண்கள், குழந்தைகள், பட்டியலினத்தவர், பழங்குடியினர், மாற்றுத்திறனாளிகள், காவலில் இருப்பவர்கள் ஆகியோருக்கு வருமானம் பார்க்காமல் இலவச சட்ட உதவி உண்டு. மற்றவர்களுக்கு வருமான வரம்பு இருக்கிறது. இந்த உதவி அப்பீலுக்கும் பொருந்தும். மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவையோ வட்ட சட்டப்பணிகள் குழுவையோ அணுகுங்கள், அல்லது 15100 என்ற எண்ணுக்கு அழையுங்கள். சிறையில் இருப்பவர் சிறை அதிகாரி மூலமாகவே அப்பீல் மனு அனுப்பலாம்.

தீர்ப்பு வந்த அன்றே உங்கள் வக்கீலிடம் மூன்று கேள்வி கேளுங்கள்: யார் மனு மீது இந்த உத்தரவு? மேலே போக எத்தனை நாள் இருக்கிறது? அதுவரை ஸ்டே தேவையா? பதிலைத் தேதியோடு கைப்பேசியில் குறித்து, கெடு முடிய 10 நாள் இருக்கும்போதே நினைவூட்டும்படி அலாரம் வைத்துவிடுங்கள்.