'தமிழ் மறவன்' பட்டாம்பூச்சியை படம் பிடிக்க ஆசையா? காட்டு பக்கம் போகும் முன் இதை படிங்க!

தாராபுரம்:
செல்போனில் கேமரா வந்தாலும் வந்தது, கண்ணில் பட்டதை எல்லாம் படம் பிடிக்கும் ஆசை எல்லோருக்கும் வந்துவிட்டது. அந்த ஆசையில் பட்டாம்பூச்சியை தேடி மலைக்காட்டுக்கு போக நினைப்பவர்கள் தெரிந்து கொள்ள வேண்டிய சில விஷயங்கள்:

5-வது மாநிலம்

வரையாடு நம் மாநில விலங்கு, பனை மாநில மரம். அதேபோல 2019-ம் ஆண்டு 'தமிழ் மறவன்' மாநில பட்டாம்பூச்சியாக அறிவிக்கப்பட்டது. மராட்டியம், உத்தரகாண்ட், கர்நாடகா, கேரளாவுக்கு அடுத்து இப்படி அறிவித்த 5-வது மாநிலம் தமிழகம்.

ஆரஞ்சு கலந்த பழுப்பு நிறம், இறக்கை ஓரத்தில் கரும்பட்டை. இதுதான் அடையாளம். சில நேரம் கூட்டமாகவும் பறக்கும்.

தாராபுரத்தில் ஏன் இல்லை?

இது மேற்கு தொடர்ச்சி மலை காட்டு பூச்சி. இதன் புழுக்கள் நீரடிமுத்து மரத்தின் இலையை தின்று வளரும். முன்பு தொழுநோய் வைத்தியத்துக்கு எண்ணெய் எடுத்தது இந்த வகை மரத்தின் விதையில்தான். அந்த மரம் நம்மூர் மேட்டாங்காட்டில் கிடையாது. காட்டில் மரத்தை வெட்டினால் பூச்சியும் போச்சு.

காலை வெயில்தான் நேரம்

பட்டாம்பூச்சியின் ரத்தம் சூடாக வெயில் வேண்டும். அதனால் காலையில் இறக்கையை விரித்து அசையாமல் உட்கார்ந்திருக்கும். படம் பிடிக்க அதுதான் நேரம். உங்கள் நிழல் அதன் மேல் விழக்கூடாது. விழுந்தால் பறந்துவிடும். குனிந்து, மெதுவாக போக வேண்டும். கையில் பிடித்தால் இறக்கையில் உள்ள செதில் பொடிபோல உதிர்ந்துவிடும்.

ஈர மணலில் ஆபத்து

உப்புச்சத்துக்காக பட்டாம்பூச்சிகள் ஆற்றோர ஈர மணலில் கூட்டமாக உட்காரும். படம் சூப்பராக வரும். ஆனால் நமக்கு தண்ணீர் தரும் அமராவதி அணைக்கு மேலே இருப்பது ஆனைமலை புலிகள் காப்பகம். யானைகள் தண்ணீர் குடிக்க வருவதும் அதே கரைக்குத்தான். அணை நீரில் முதலைகளும் உண்டு. கேமராவை பார்த்துக்கிட்டு பின்னால் வருவதை கவனிக்காமல் விட்டால் உயிருக்கே உலை! அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவது குற்றம். வழக்கு, அபராதம் என்று அலைய வேண்டியிருக்கும்.

வீட்டு பக்கமே பழகலாம்

பழக காட்டுக்கு போக வேண்டியதில்லை. ரோட்டோர எருக்கஞ்செடியை பாருங்கள். 'வெந்தய வரியன்' அங்கேதான் முட்டை இடும். புழு எருக்கின் விஷத்தை தின்று வளர்வதால் பட்டாம்பூச்சியும் கசக்கும். பறவைகள் தொடாது. அதனால் பயமில்லாமல் மெதுவாக பறக்கும். சாதாரண செல்போனிலேயே பிடிக்கலாம். எலுமிச்சை, கறிவேப்பிலை செடி இருந்தால் வேறு வகையும் தேடி வரும்.

அந்த இலையில் புழுவை பார்த்ததும் மருந்து அடிக்காமல் நாலு இலையை விட்டு வையுங்கள். அடுத்த படம் உங்கள் வாசலிலேயே கிடைக்கும்!