சிறிய கியரிலிருந்து தொடங்குங்கள்

மூட்டை கட்டி நெடுந்தூரம் போகும் சைக்கிளுக்கு எத்தனை பல் வேண்டும்? ஷா ஆலமிலிருந்து புறப்படுவோருக்கு ஒரு கணக்கு

ஷா ஆலமிலிருந்து மேற்கே சைக்கிளைத் திருப்பினால் கிள்ளான், காப்பார், ஜெராம், கோலசிலாங்கூர், தஞ்சோங் காராங், சிகிஞ்சான் என்று சாலை தட்டையாகவே போகும். கடற்காற்று எதிர்த்து வீசினால்தான் சிரமம். கிழக்கே திருப்பினால் தித்திவங்சா மலைத்தொடர் வழிமறிக்கும். கெந்திங், பிரேசர் மலை, இன்னும் வடக்கே போனால் கேமரன் மலை. இப்படி இரண்டு வகை நிலமும் அருகருகே அமைந்த ஊர்க்காரர்கள் கியர் விஷயத்தில் கூடுதல் கவனம் எடுக்க வேண்டும்.

ஆனால் கடையில் நடப்பது வேறு. எத்தனை கியர் என்று கேட்கிறோம். 22 என்றதும் திருப்தியாகிவிடுகிறோம். அந்த எண்ணிக்கையால் மலையில் ஒரு பயனும் இல்லை. மிகச் சிறிய கியர் எவ்வளவு சிறியது என்பதுதான் முதல் கேள்வி.

கணக்கு எளிது

முன் பற்சக்கரத்தின் பற்களைப் பின் பற்சக்கரத்தின் பற்களால் வகுத்து, சக்கரத்தின் சுற்றளவால் பெருக்குங்கள். பெடல் ஒரு சுற்று சுற்றினால் வண்டி எவ்வளவு தூரம் நகரும் என்பது கிடைத்துவிடும். 700×32 டயருக்குச் சுற்றளவு ஏறத்தாழ 2.15 மீட்டர். முன்னால் 34, பின்னால் 34 என்றால் ஒரு சுற்றுக்கு 2.15 மீட்டர். முன்னால் 26, பின்னால் 34 என்றால் 1.64 மீட்டர்.

இதை மலைக்குக் கொண்டுபோவோம். 70 கிலோ எடையுள்ளவர், 13 கிலோ வண்டி, 17 கிலோ மூட்டை. மொத்தம் 100 கிலோ. 8 விழுக்காடு ஏற்றத்தில், அதாவது 100 மீட்டருக்கு 8 மீட்டர் உயரும் சாலையில், நாள் முழுவதும் தாங்கக்கூடிய 120 வாட் சக்தியைச் செலவிட்டால் வேகம் மணிக்கு சுமார் 5 கிலோமீட்டர்தான் வரும். இந்த வேகத்தில் பெடல் நிமிடத்துக்கு எத்தனை முறை சுற்றும் என்று பாருங்கள். பந்தய சைக்கிள்களில் வழக்கமாக வரும் 34/28 கியரில் (முன்னால் 34, பின்னால் 28) 32 சுற்று. 34/34-இல் 39. 26/34-இல் 51. மலைச் சைக்கிளின் 22/34-இல் 60.

32 சுற்று என்பது ஒவ்வொரு மிதிக்கும் மாடிப்படி ஏறுவதுபோல் அழுத்தி ஊன்றுவது. பத்து நிமிடம் தாங்கலாம். ஒரு மணி நேரம் தொடர்ந்தால் முழங்கால் வலிக்கக்கூடும். கெந்திங் சாலையின் மேற்பகுதியில் 10 விழுக்காட்டைத் தாண்டும் இடங்களும் உண்டு. சமதரையில் நிமிடத்துக்கு 80, ஏற்றத்தில் 60 சுற்றாவது கிடைக்கும்படி கியரை அமைத்துக்கொண்டால் மூட்டு பிழைக்கும்.

நம் வெயிலும் ஒரு காரணம்

உடல் செலவிடும் ஆற்றலில் ஏறத்தாழ கால் பங்குதான் பெடலுக்குப் போகிறது, மீதி வெப்பமாகிறது. சமதரையில் ஓடும்போது எதிர்க்காற்று அந்த வெப்பத்தைக் கொண்டுபோகும். 5 கிலோமீட்டர் வேகத்தில் காற்றே இருக்காது. ஈரப்பதம் மிகுந்த நம் நாட்டில் வியர்வையும் எளிதில் உலராது. அதனால் ஐரோப்பியக் குளிரில் ஒருவர் காட்டும் வேகத்தை இங்கே எதிர்பார்க்கக் கூடாது. நமக்கு அவர்களைவிடச் சிறிய கியர் தேவை.

பெரிய கியரை விட்டால் இழப்பு குறைவு

48/11 கியரில் நிமிடத்துக்கு 90 சுற்று மிதித்தால் வேகம் 50 கிலோமீட்டர். மூட்டையோடு சமதரையில் யார் அந்த வேகத்தில் போகப் போகிறார்கள்? இறக்கத்தில் மிதிக்காமலே வண்டி ஓடும். 42/12 இருந்தாலே 40 கிலோமீட்டர் வரை மிதிக்கலாம். மேல் முனையில் விட்டுக்கொடுத்துக் கீழ் முனையில் வாங்கிக்கொள்வதுதான் பயணியின் பேரம்.

நடுப்பகுதியையும் மறக்கக் கூடாது. சிகிஞ்சான் வயல்வெளியில் மணிக்கணக்காக 18 முதல் 25 கிலோமீட்டர் வேகத்தில்தான் போவோம். 48-36-26 என மூன்று முன் பற்சக்கரம் கொண்ட வண்டியில், 36-ஐ முன்னால் வைத்து, பின்னால் 20, 17, 15 என்று மாற்றினாலே இந்த வேகங்கள் அடங்கிவிடும். தாப்பாவிலிருந்து தானா ராத்தாவுக்கு ஏறத்தாழ 60 கிலோமீட்டர். ஏறும் உயரம் சுமார் 1,400 மீட்டர். சராசரி ஏற்றம் இரண்டரை விழுக்காட்டுக்கும் குறைவு. அதன் பெரும்பகுதியை இந்த நடுச் சக்கரமே பார்த்துக்கொள்ளும். 26 பல் சக்கரம் செங்குத்தான இடங்களுக்கும், களைத்துப்போன பிற்பகலுக்கும்.

இருப்பதை மாற்றலாமா?

பின்னால் 28 பல்லுக்குப் பதில் 34 பல் உள்ள கேசட் (பின் பற்சக்கரத் தொகுதி) போடுவதே செலவு குறைந்த வழி. முன்னால் 50, 34 என இரு சக்கரம் கொண்ட கிராங்கில் 34-க்குக் கீழே இறங்கப் பெரும்பாலும் இடமிருக்காது. 46/30 கிராங்குக்கு மாற வேண்டும். மாற்றும் முன், செயினைப் பின் பற்சக்கரங்களுக்கிடையே நகர்த்தும் டீரெயிலரின் கொள்ளளவைப் பாருங்கள். முன் சக்கரங்களின் பல் வித்தியாசத்தையும் பின் சக்கரங்களின் பல் வித்தியாசத்தையும் கூட்டினால் வரும் எண்ணைவிட அது குறையக் கூடாது. 48-26, 11-34 என்றால் 22-உம் 23-உம் சேர்ந்து 45. இதற்கு நீண்ட கூண்டு உள்ள டீரெயிலர்தான் சரிப்படும். குட்டையானதைப் போட்டால் செயின் தொய்ந்துவிடும், அல்லது இறுகிப்போய்க் கருவியையே பிடுங்கிவிடும்.

வெட்கம் வேண்டாம்

சிறிய கியரைப் பலவீனத்தின் அடையாளமாகப் பார்க்கும் வழக்கம் பழையது. பிரான்சின் சேன்த் எத்தியேன் நகரத்துப் பால் தெ விவி (1853–1930) பல கியர் சைக்கிளுக்காகப் பல ஆண்டுகள் வாதாடினார். ஆனாலும் தூர் தெ பிரான்ஸ் பந்தயத்தில் டீரெயிலர் அனுமதி பெற்றது 1937-இல்தான். இன்றும் சின்னச் சக்கரத்துக்கு மாறுபவரைக் கேலி செய்யும் குழுக்கள் உண்டு.

ஷா ஆலம் நகரமாவதற்கு முன் இங்கே ரப்பரும் செம்பனையும் நின்ற தோட்டங்கள் இருந்தன. ஒற்றைக் கியர் சைக்கிளில் ரப்பர் பால் சுமந்த நம் முன்னோர் மேடு வந்தால் இறங்கித் தள்ளினார்கள். அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்கு இருக்கிறது. ஓய்வு பெற்றவரும், வேலைக்குப் போகும் பெண்ணும், கொஞ்சம் உடல் பருத்தவரும் பிரேசர் மலைக்கு மிதித்தே போய்ச் சேரலாம். அவர்களைத் தடுப்பது பெரும்பாலும் வயதல்ல, பொருந்தாத பற்சக்கரம்.

அடுத்த முறை கடைக்குப் போகும்போது கியர் எண்ணிக்கையைக் கேட்காதீர்கள். முன்னால் மிகச் சிறியது எத்தனை பல், பின்னால் மிகப் பெரியது எத்தனை பல் என்று கேளுங்கள். முதல் எண் இரண்டாவதைவிடச் சிறியதாக இருந்தால் மேற்கொண்டு பேசுங்கள். இல்லையென்றால் அதை மாற்ற எவ்வளவு ஆகும் என்று கேட்டு, அந்தத் தொகையையும் விலையில் சேர்த்துக்கொண்டு முடிவெடுங்கள்.