ஒரு வினைச்சொல்லின் இரண்டு காலம்

தஞ்சை சரசுவதி மகால் நூலகத்தின் ஆங்கில நூல்களுள் சாமுவேல் ஜான்சனின் அகராதியும் ஒன்று. 1784இல் அச்சான பதிப்பு. 1755இல் அந்த அகராதியை முதன்முதலாக வெளியிட்டபோது, 'டேக்' என்னும் ஒரு வினைச்சொல்லுக்கு மட்டும் ஜான்சன் 134 பொருள் பிரித்துக் காட்டினார். ஷேக்ஸ்பியர், விவிலியம் என்று நல்ல நூல்களிலிருந்து வரிகளைச் சான்றாகவும் வைத்தார். இன்று ஆக்ஸ்போர்டு அகராதியார் 'ரன்' என்னும் வினைக்கு 645 பொருள் கணக்கிட்டிருக்கிறார்கள். அந்த ஒரு சொல்லைத் திருத்தி எழுத, பீட்டர் கில்லிவர் என்ற ஆசிரியருக்கு ஒன்பது மாதம் பிடித்தது. சிறிய வினைச்சொற்களே அகராதியில் பெரிய இடத்தைப் பிடிக்கின்றன என்பதில் அன்றும் இன்றும் மாற்றமில்லை. அந்தப் பொருள்கள் யார் கைக்கு, எந்த வழியில் வந்தன என்பதுதான் மாறியிருக்கிறது.

அன்று அவை வெகு சிலருக்கே எட்டின. பாதிரியார் சுவார்ட்ஸின் அரவணைப்பில் வளர்ந்து ஆங்கிலம் கற்ற தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி, ஐரோப்பாவிலிருந்து ஆயிரக்கணக்கில் நூல்களை வரவழைத்தார். 1826இல் தஞ்சைக்கு வந்த பிஷப் ஹீபர், மன்னர் அறிவியலாளர்களான லவோசியரையும் லின்னேயஸையும் மேற்கோள் காட்டிப் பேசியதையும் ஷேக்ஸ்பியரை நுட்பமாக மதிப்பிட்டதையும் வியந்து எழுதினார். அரண்மனைக்கு வெளியே ஆங்கிலம் கிடைத்தது மிஷன் பள்ளிகளில். 1854இல் கும்பகோணத்தில் தொடங்கிய அரசுக் கல்லூரி அந்த வாசலைச் சற்று அகலமாக்கியது. ஆனாலும் வாசலில் காவல் இருந்தது. கணித மேதை ராமானுஜன் 1904இல் அங்கே சேர்ந்து, ஆங்கிலத்தில் தேறாததால் உதவித்தொகையை இழந்தார்.

அரசரின் சரசுவதி மகால் நூலகம் 1918இல் பொது நூலகமானது. கும்பகோணத்தில் பிறந்த அ. சிதம்பரநாதன் செட்டியாரைத் தலைமைப் பதிப்பாசிரியராகக் கொண்டு, சென்னைப் பல்கலைக்கழகத்தின் ஆங்கிலம்–தமிழ்ச் சொற்களஞ்சியம் 1960களில் வெளிவந்தது. வாங்க வசதியுள்ள வீடுகளில் லிஃப்கோ அகராதி இருந்தது. இல்லாதவர்கள் இரவல் வாங்கினார்கள். வகுப்பில் 'டேக், டுக், டேக்கன்' என்று மூன்று வடிவத்தையும் உரக்கச் சொல்லி மனப்பாடம் செய்தார்கள். அகராதியில் தேடிய பொருள் பத்தியின் அடியில் இருந்தால், அதுவரை உள்ளவற்றையெல்லாம் கடந்துதான் அங்கே போக முடியும். மருந்து சாப்பிடுவது, பேருந்தில் போவது, நேரம் ஆவது, படம் பிடிப்பது, குளிப்பது ஆகிய அத்தனைக்கும் ஆங்கிலத்தில் 'டேக்' ஒன்றே போதும் என்பது அப்படிப் போகும் வழியில் தெரியவந்தது. தமிழ் ஒவ்வொன்றுக்கும் தனி வினை வைத்திருப்பதும் அங்கேயே புலப்பட்டது.

இன்று ஒரத்தநாட்டிலோ வலங்கைமானிலோ ஒரு விவசாயத் தொழிலாளியின் மகள் கைபேசியில் ஆங்கில வாக்கியத்தை இட்டால், நொடியில் தமிழ் வருகிறது. கூகுள் மொழிபெயர்ப்பில் தமிழ் சேர்ந்தது 2011இல். 2017 முதல் அது துண்டு துண்டாகப் பார்க்காமல் வாக்கியத்தை முழுதாகப் பார்த்துப் பொருள் தேர்கிறது. இரவல் கேட்டு நிற்க வேண்டாம். எழுத்துப்பிழை கண்டு யாரும் சிரிக்கப்போவதில்லை. வேலைக்கான விண்ணப்பம், மருந்துச் சீட்டு, பூச்சிமருந்துப் பாட்டிலில் ஒட்டியிருக்கும் எச்சரிக்கை எல்லாவற்றையும் அவளே படித்துக்கொள்கிறாள். முன்பு இதற்கெல்லாம் 'இங்கிலீஷ் தெரிந்தவர்' ஒருவரைத் தேடிப் போக வேண்டியிருந்தது. அந்தக் காத்திருப்பு ஒழிந்ததை எந்த ஏக்கத்தாலும் சிறுமைப்படுத்த முடியாது.

இழப்பு வேறு இடத்தில் நிகழ்கிறது. கருவி ஒரு பொருளைத் தேர்ந்து கொடுக்கும்போது, மற்றப் பொருள்கள் கண்ணில் படாமலே போகின்றன. விடை கிடைக்கிறது, ஒரு சொல் ஏன் இத்தனை பக்கம் கிளைக்கிறது என்ற வியப்பு எழுவதில்லை. அதைவிடக் கவலை தருவது நம் வினைகளின் நிலை. இளைப்பாறியவர்கள் 'ஓய்வு எடுக்கிறார்கள்'. குளிப்பது விளம்பரத் தமிழில் 'குளியல் எடுப்பது' ஆகிறது. 'முடிவு செய்தேன்' என்றவர்கள் 'முடிவு எடுத்தேன்' என்கிறார்கள். 'டேக்' செய்த வேலையையெல்லாம் 'எடு' என்ற ஒரே வினையின் தலையில் ஏற்றுகிறோம். பசி எடுப்பதும் வேகம் எடுப்பதும் தமிழுக்கு இயல்பு. மற்றவை இன்னொரு மொழியின் சுமை.

இரண்டு காலத்தின் நன்மையையும் சேர்த்துக்கொள்ள இன்று தடை ஏதுமில்லை. கைபேசி அகராதிகளிலும் முதல் விடைக்குக் கீழே எஞ்சிய பொருள்கள் வரிசையாக இருக்கின்றன. வாரம் ஓர் ஆங்கில வினையைக் கரும்பலகையில் எழுதி, அதன் ஒவ்வொரு பொருளுக்கும் தங்கள் வீட்டுப் பேச்சில் வழங்கும் வினை எது என்று ஆசிரியர் பிள்ளைகளையே சொல்லச் சொல்லலாம். சரபோஜி காலத்தில் அரண்மனை நூலகம் இல்லாமல் இப்படி ஒரு பாடம் நடந்திருக்காது. இப்போது அதற்கு ஓர் ஆசிரியரும் அரைமணி நேரமும் போதும்.