டென்னிஸ் சொல்லிக்கொடுத்த தாத்தா

பயிற்றுநர் என்றாலே கையில் விசில், வாயில் அதட்டல். மாணவர் கட்டுரைகளில் இந்த ஒரே படம்தான் திரும்பத் திரும்ப வருது. படிவம் 5 மாணவர்களுக்கு வேறோர் எடுத்துக்காட்டு தரலாம்: டி.கே. இராமநாதன்.

அவரும் டென்னிஸ் ஆட்டக்காரர்தான். மகன் இராமநாதன் கிருஷ்ணனுக்குப் பயிற்சி தந்தவரும் அவரே. 1954இல் மகன் விம்பிள்டன் இளையர் பட்டத்தை வென்றார். ஆசியாவிலிருந்து அதை வென்ற முதல் ஆட்டக்காரர். 1960, 1961 இரண்டு ஆண்டும் பெரியவர் பிரிவில் அரையிறுதி வரை போனார். 1961 காலிறுதியில் அவரிடம் தோற்றவர் ராய் எமர்சன். சாதாரண ஆள் இல்லீங்க, மொத்தம் 12 கிராண்ட் சிலாம் ஒற்றையர் பட்டங்கள் பெற்றவர்!

இத்தனைக்கும் கிருஷ்ணனிடம் வேகமான சர்வீஸ் கிடையாது. பந்தை மென்மையாகத் தொட்டு, எதிராளி இல்லாத இடமாகப் பார்த்துப் போடுவார். பேரன் ரமேஷும் அதே வார்ப்பு. அப்பாவிடமும் தாத்தாவிடமும் கற்றுக்கொண்டு, 1979இல் அவரும் விம்பிள்டன் இளையர் பட்டம் வென்றார்.

சர்வீஸில் பலம் இருந்திருந்தால் ரமேஷ் இன்னும் மேலே போயிருப்பார் என்பார்கள். நியாயமான பேச்சுதான். கருத்து விளக்கக் கட்டுரையில் இந்த மறுப்பையும் எழுதுங்கள், மாணவர்களே. வெறும் புகழ்ச்சி வாதமாகாது. கூடவே பதிலும் வேணும்: 1987 டேவிஸ் கிண்ண அரையிறுதி, சிட்னி புல்தரை. கடைசி ஆட்டத்தில் வாலி மசூரை வென்று இந்தியாவை இறுதிச்சுற்றுக்குக் கொண்டுபோனது அந்த மெதுவான சர்வீஸ்காரர்தான்.