முழங்கால் தண்ணீரில் ஒரு மெஸ்!

ஐப்பசி பிறந்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கம் எனக்குக் கட்! விடிகாலையிலேயே பைனாகுலரும் கையுமாகச் சென்னை பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தில் ஆஜர். "காலங்கார்த்தால சேத்துல என்ன சார் தேடறீங்க?" என்பார் டீக்கடைக்காரர்.

சேறுதான் சார் விஷயமே!

கொசு உள்ளான் என்று ஒரு வாண்டு. எடை சுமார் 25 கிராம். ஆர்க்டிக் பக்கம் குஞ்சு பொரித்துவிட்டு, குளிருக்கு முன்னால் பல ஆயிரம் கிலோமீட்டர் பறந்து இங்கே வருகிறது. எதற்கு? இந்தச் சேற்றிலுள்ள புழு, பூச்சிக்காக!

இந்த மெஸ்ஸில் ஸீட் பிரச்னையே கிடையாது. கொசு உள்ளானுக்குக் குட்டைக் கால். ஈரச் சேற்றோடு சரி. நெட்டைக் காலும் நீள அலகுமாக வரும் கருவால் மூக்கன் கொஞ்சம் உள்ளே இறங்கும். நீலச்சிறகி, தட்டைவாயன் வாத்துகள் மிதந்துகொண்டே சாப்பிடுகிற பார்ட்டி. அடுத்தவர் இலையில் யாரும் கை வைப்பதில்லை!

"தூர் வாரி ஆழமாக்கிப் படகு விட்டா ஜோரா இருக்குமேப்பா" என்று ஆபீஸ் நண்பர் சொன்னால் எனக்குப் பகீரென்கிறது. ஆழமாக்கினால் குட்டைக்கால் பந்தி காலி. மண்ணைக் கொட்டி மூடினாலோ மெஸ்ஸே காலி!

2007-ல் இதில் 317 ஹெக்டேர் காப்புக்காடானது. 2022-ல் ராம்சர் பட்டியலிலும் இடம் கிடைத்தது. பட்டியல் இருக்கட்டும், பறவைக்கு வேண்டியது அந்த முழங்கால் தண்ணீர்தான்.

அடுத்த தடவை பஸ்ஸில் அந்தப் பக்கம் போனால், மூக்கைப் பொத்துவதற்கு முன் ஜன்னல் வழியாக ஒரு பார்வை பாருங்கள். சைபீரியாவிலிருந்து யாராவது சாப்பிட வந்திருக்கலாம்!